குடையால் நான் காட்டிய சுவர்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஒரு சிறு தொகுப்பு போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கோர் அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். "கூடவே மேப், படம் ஏதாவது இருந்தா தாங்க மேடம்" என்று போனில் ஒரு பெண் கேட்டாள். என் குடையைப் படமெடுத்து அனுப்பி வைத்தேன். கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. தவறுதலாக வந்துவிட்டதோ என்று அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இல்லையம்மா, அதுதான் என்றேன். நகரத் திட்டமிடல் வேலையில் முப்பத்துமூன்று வருடம் இருந்து நான் செய்த ஆகப் பெரிய தவறை அந்தக் குடையை வைத்துத்தான் செய்தேன்.

ஓய்வுக்குப் பிறகு மதியத் தூக்கம் பழகிவிட்டது. நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம். வயல் என்று தெரிந்தேதான் வாங்கினோம். உங்களிடம் நல்லவள் வேடம் போட எனக்கு விருப்பமில்லை. மழை பெய்தால் லிஃப்ட் இறங்கும் குழிக்குள் தவளைகள் கூட்டமாகக் கத்தும். சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்திருப்பேன். தவளைச் சத்தம் மெல்ல மங்கி, கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தமாக மாறும். குளிர்ந்த தண்ணீர், அவசரமே இல்லாத தண்ணீர். அதன்மேல் கட்டில் லேசாக அசைவது போலக்கூட இருக்கும். விழித்துப் பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். இந்தத் தண்ணீரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அது எங்கே ஓடியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. இங்கே மலையாளத்தில் அதைத் தோடு என்பார்கள். நீங்கள் பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு நூறு முறை அதைக் கடந்திருப்பீர்கள். பெருமழை வந்தால் ஓடை தன் இடத்தில் கொள்ளாமல் தெருவுக்கு ஏறிவிடும். நான் சொல்லும் வருடத்துக்கு முந்தின மழையில் தம்பானூரில் பேருந்துகள் படகு மாதிரி அலை கிளப்பிக்கொண்டு போயின. ஓடைக்கரை வீடு ஒன்றில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு முதியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார். அதற்குப் பிறகுதான், ஓடையின் பழைய அகலத்தை மீட்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை எடுக்க வேண்டும், அடுத்த மழைக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவு. இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஓடையின் கிழக்குக் கரையில் முப்பத்தொரு வீடுகள். தகரமும் ஹாலோபிரிக்ஸும் தார்ப்பாயுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள். கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள், தெருப் பெருக்குகிறவர்கள், மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்ப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்டவர்கள். மேற்குக் கரையில் மொத்த வியாபாரக் கடைகளின் சரக்கு வைக்கும் கிட்டங்கிகள். கடைகளின் முகம் தெருவைப் பார்க்கும், முதுகு ஓடையைப் பார்க்கும். கரையிலிருந்து எடுக்கப்படும் வீட்டுக்காரர்களுக்கு விழிஞ்ஞம் போகும் வழியில், இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில், நாலு மாடிக் கட்டடம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆக்கிரமிப்பை அளந்து அறிக்கை தர வேண்டிய பொறுப்பு என்னுடையது.

பழைய நிலப் பதிவேட்டில் அந்த இடத்தில் ஓடையின் அகலம் எவ்வளவு என்று தெளிவாக இருந்தது. ஆனால் கரை எங்கே என்று காட்டும் எல்லைக் கற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏதாவது ஒரு பக்கத்தைக் கரை என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து அகலத்தை அளந்தாக வேண்டும். அன்று காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கருவியோடு வந்த அளவையர் மலையாளி, தமிழும் பேசுவார். கருவியின் காலை எங்கே ஊன்றுவது என்று பார்த்தபடி, "மேடம், எவிடேந்து தொடங்கணும்?" என்று கேட்டார்.

நான் சுற்றிப் பார்த்தேன். கிழக்கே சேறு, வாழை, துணிக்கொடி, கோழி, அடுக்கிய சாக்கு. தொட்டுச் சொல்ல ஒரு நிலையான பொருள் இல்லை. மேற்கே நேரான, பூசி வெள்ளையடித்த, கச்சிதமான சுவர். கையிலிருந்த குடையை மடக்கி, அதன் நுனியால் சுவரைக் காட்டினேன்.

"அங்கேந்து."

அவ்வளவுதான். என் மொத்தத் தவறும் அந்த ஒரு சொல்தான். அதன் பிறகு அளந்ததெல்லாம் அங்குலம் பிசகாமல் சரியாக அளந்தோம். சுவரிலிருந்து பதிவேட்டின் அகலத்தை எடுத்து வைத்தபோது, முப்பத்தொரு வீடுகளும் ஓடைக்குள் விழுந்தன. கதவுகளில் சிவப்புப் பெயின்டில் எண் எழுதினார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சூடாகத் தோசை சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவர் என் தாய்மாமாவின் கிட்டங்கிச் சுவர். மாமா நாகர்கோவில் பக்கத்துக்காரர், சாலைக் கடைத்தெருவில் அரிசி பருப்பு மொத்த வியாபாரம். கல்லூரி நாலு வருடமும் அவர் வீட்டில் தங்கித்தான் படித்தேன். பெண்பிள்ளைக்கு எதற்குக் கட்டடப் படிப்பு என்று என் அப்பாவே முணுமுணுத்தபோது, "அவ படிக்கட்டும், எனக்க வீட்ல இருந்து படிக்கட்டும்" என்று ஒரே வரியில் வாயடைத்தவர் அவர். மாமாவுக்குச் சலுகை செய்ய வேண்டும் என்று நினைத்து நான் சுவரைக் காட்டவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அது மாமாவின் சுவர் என்பதாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆட்சேபனை கேட்கும் நாளில் பதினேழாம் எண் வீட்டுக்காரி வந்தாள். பெயர் ரெஜினா. ஐம்பதை ஒட்டிய வயது. கிட்டங்கிகளில் கிழிந்துபோகும் சாக்குகளை வாங்கித் தைத்துக் கொடுப்பது வேலை. தோள்பையின் வாரில் நீளமான கோணி ஊசி ஒன்று குத்தியிருந்தது.

"அளந்தது செரியல்ல மேடம். எங்க கரை இருந்த எடத்துலதான் இருக்கு. அசைஞ்சது அந்தப் பக்கமாக்கும்."

"எழுதிக் குடுங்க, பாக்குறோம்" என்றேன். அன்று காலையிலிருந்து இருபது பேர் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"எழுதினா வாசிப்பீங்க. வந்தாத்தான் பாப்பீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள், நான் கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சாக்குக் கட்டைப் பிரித்து, தைக்க ஆரம்பித்துவிட்டாள். மல்லி வந்த சாக்கு. அந்தத் தூசியில் பத்து நிமிடத்துக்குள் தட்டச்சுப் பிரிவு முழுதும் தும்மியது. நானும் தும்மினேன். ஒருவர் வந்து, "மேடம், ஒண்ணு போய்க் கண்டிட்டு வாங்க, இல்லெங்கில் நாங்க லீவ் போடணும்" என்றார். மக்கள் பங்கேற்பு என்று நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். என்னைப் பங்கேற்க வைத்தது மல்லித் தூசி.

போனபோது மதியம் மூன்று மணி இருக்கும். மழை வரப்போகும் மதியம். வெளிச்சம் பச்சையாகி, ஓடைத் தண்ணீர்கூட ஒரு நிமிடம் அழகாக இருந்தது. ரெஜினாவின் வீடு ஒரே அறை. அதை ஒட்டி ஓடைப் பக்கமாக ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தாள். அதில்தான் சாக்கு அடுக்கியிருந்தது, அதில்தான் அவள் உட்கார்ந்து தைப்பாள். சாய்ப்பின் தரை பலகைகளால் ஆனது.

சாக்குகளை எடுத்து வாசலில் போட்டாள். கூடமாட உதவ வந்த பக்கத்து வீட்டுக்காரியை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பிறகு பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

கீழே கற்படிகள் இருந்தன. கருங்கல்லில் செதுக்கிய அகலமான படிகள், தண்ணீரை நோக்கி இறங்கிப் போயின. மூன்று படி கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எத்தனை பேர் இறங்கிக் குளித்த படியோ, குடமெடுத்த படியோ. மேலே இருந்த சாக்கின் சூட்டில் கல் வெதுவெதுப்பாக இருந்தது.

"கடவாக்கும் மேடம். பண்டு எல்லாரும் குளிச்ச எடம். எங்க அம்மை இதுல துணி தொவைச்சிருக்கா" என்றாள் ரெஜினா. "கல்லுப்படி எழும்பி நடந்து வருமா? நிங்களே சொல்லுங்க."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மூன்றாம் படியில் நின்று குடை நுனியைச் சேற்றுக்குள் அழுத்தினேன். டக் என்று கல் தட்டியது. இன்னும் எட்டி அழுத்தினேன், அதற்கும் கீழே இன்னொன்று. உடம்பு பாரம் முழுக்கக் குடைமேல் சாய்ந்தபோதுதான் அந்தக் கம்பி வளைந்தது. ஐந்து படி. பழைய ஓடையின் கிழக்குக் கரை நான் நின்ற இடத்தில்தான் இருந்திருக்கிறது. இங்கிருந்து பதிவேட்டின் அகலத்தை அளந்தால் மேற்குக் கரை எங்கே போய் நிற்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. அது சுவரைத் தாண்டி, சுவருக்கு உள்ளே போனது.

அங்கே, தண்ணீர் மட்டத்தில் நின்றபடி நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று அந்தத் தாழ்வில் தெரிந்தது. வெள்ளைச் சுவருக்கு அடியில் ஒரு முழ உயரத்துக்கு இருட்டு. ஓடையின் ஒரு பகுதி மெல்ல வளைந்து அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. வாழை இலை ஒன்று மிதந்து வந்து, தயங்கி, சுவருக்கு அடியில் நுழைந்து காணாமல் போயிற்று.

அந்த இலை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் மாமா கிட்டங்கிக்குப் போனால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அரிசி மூட்டைகளின்மேல் படுக்க வைப்பார்கள். ஓட்டுச் சந்தில் இறங்கும் ஒற்றை வெயிலில் தூசி மினுங்கும். வெல்லமும் புளியும் சேர்ந்த ஒரு வாசனை வரும். கண் சொருகும்போது தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும். எழுந்து சொல்வேன், "மாமா, கீழ தண்ணி ஓடுது." மாமா கணக்குப் பார்க்கும் மேசையிலிருந்து திரும்பாமலே, "எலியாக்கும் மக்ளே. கண்ணை மூடு" என்பார். நான் மூடிக்கொள்வேன். பிறகு அது என் கனவு என்றே ஆகிவிட்டது. காய்ச்சலில் வரும், பிரசவ மயக்கத்தில்கூட வந்தது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மழை விழ ஆரம்பித்தது. ரெஜினா சாக்கு ஒன்றை மடித்து என் தலையில் கவிழ்த்துவிட்டு, தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு, கடைகள் அடைத்திருக்கும் நேரம் பார்த்து மாமாவிடம் போனேன். எண்பதை நெருங்கிவிட்டார். ஆனாலும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் கடையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"வா மக்ளே. எப்பம் வந்தே? காப்பி சொல்லட்டா?"

"பொறவு குடிக்கேன் மாமா. கிட்டங்கிக்குள்ள போய் ஒரு நிமிசம் இருந்துக்கிடட்டா?"

சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக் கூடவே வந்தார். உள்ளே அதே வாசனை, அதே ஒற்றை வெயில். கடைசி வரைக்கும் நடந்து, பின்சுவருக்குப் பக்கத்தில் மூட்டை இல்லாத ஒரு மூலையில், புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்துக் காதை வைத்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கனவில் கேட்டதைவிடத் தெளிவாக, கல்லில் மோதி, சுழித்து, ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, இது என்ன சத்தம்?"

அவர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "எலி" என்றார். அந்த முறை குரலில் தூக்கம் இல்லை.

எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படியை, சிவப்பு எண்களை, நான் குடையால் காட்டியதை. முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா காலத்துல போட்ட தளமாக்கும் இது" என்றார் கடைசியில். "நான் போடல்ல. நானும் பக்கத்துல இருக்க ஆறேழு கடைக்காரனும் இப்பிடித்தான். ஒருத்தன் நீட்டினான், மத்தவன் பாத்துட்டு நீட்டினான். நீ கையெழுத்து போட்டு முடிச்சாச்சு இல்லியா? அப்பம் எதுக்குக் கிண்டுகே?"

"முப்பத்தொரு வீடு மாமா."

"எனக்க வீட்ல இருந்து படிச்ச படிப்பாக்கும் அது." சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். காப்பி வரவில்லை.

அந்த ஞாயிறு மாலை நான் என்னென்ன யோசித்தேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் இருக்கும் மரியாதை போய்விடும். போனால் போகட்டும். யாருக்கும் தெரியாது என்று யோசித்தேன். ரெஜினாவின் சாய்ப்பு ஒரு பெருமழைக்குத் தாங்காது, படி மறுபடி சேற்றில் மூழ்கிவிடும் என்று யோசித்தேன். அந்த வீடுகளில் தண்ணீர் ஏறுவது உண்மைதானே, நாலு மாடிக் கட்டடம் நல்லதுதானே என்றும் யோசித்தேன். இது மற்ற எல்லாவற்றையும்விட வசதியான யோசனை. மற்றவர்களுக்கு நன்மை செய்கிறோம் என்ற பெயரில் நம் தவறை மூடிவிடலாம். உங்களுக்கும் இது ஒருநாள் வரும். வரும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மேலதிகாரியின் முன்னால் இரண்டு தாள்களை வைத்தேன். ஒன்றில், என் அளவை தவறு, சுவரைக் கரையாக எடுத்தது என் முடிவு, படிகளைக் கரையாக எடுத்து மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், அந்தச் சுவர்களில் ஒன்று என் மாமாவுடையது, ஆகவே மறு அளவையை நான் செய்யக் கூடாது, வேறொருவர் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. போன மழையில் அந்த முதியவருடைய கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். மலையாளமும் தமிழும் கலந்து என்னிடம் பேசுவார்.

"மேடம், மழ நமக்காயிட்டு காத்து நிக்கில்லா. இனி ஆதியிலேந்து அளந்து, கடைக்காரங்க கோர்ட்டுக்குப் போய், அதுக்குள்ள ஒரு ஆள் மரிச்சா நான் யாரைக் காட்டுவேன்?"

"என்னைக் காட்டுங்க சார்" என்றேன். "ஆனா மழைக்கு முன்னால செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. யார் வீட்டையும் தொட வேண்டாம், யார் சுவரையும் தொட வேண்டாம். சேத்தை அள்ளுவோம். ரெண்டு படி ஆழத்துக்குச் சேறு கிடக்கு. குடையை விட்டுப் பாத்திருக்கேன்."

மேசையில் சாய்த்து வைத்திருந்த வளைந்த குடையை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது முன்னமே பார்க்காம இருந்தது வல்லிய தப்பு, கேட்டோ" என்றார். கேட்டேன். அது என் பணிப் பதிவிலும் ஏறியது. உரியது என்றே இன்றும் நினைக்கிறேன்.

சேற்றை அள்ளினார்கள். அந்த வருட மழையில் தண்ணீர் வீடுகளின் வாசல்வரை வந்து நின்றது, கட்டில் ஏறவில்லை. வேறோர் அதிகாரி படியிலிருந்து மறுபடி அளந்தார். கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், இழுத்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மேற்கே கிட்டங்கிகளின் பின்பகுதிகள் ஓடைக்குள் வந்தன. கிழக்கே முப்பத்தொரு வீட்டில் இருபத்தெட்டு, கரைக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றன. இரண்டு வீடுகளில் பின்சுவரை மட்டும் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது ரெஜினாவின் வீடு. அறைக்கு ஒன்றுமில்லை. ஆனால் படிக்கட்டின்மேல் நின்ற சாய்ப்பு முழுதும் போக வேண்டும். அவள் பிழைப்பு நடந்தது அறையில் இல்லை, அந்தச் சாய்ப்பில்.

நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். வழி நெடுக வார்த்தை தேடினேன். எனக்குப் படியைக் காட்டியவளுக்கே இப்படியா என்பதைத் தாண்டி ஒன்றும் அகப்படவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவள் சாய்ப்பில் இல்லை, வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். சாக்குகள் எல்லாம் ஏற்கெனவே அறைக்குள் ஏறியிருந்தன. படுக்க இடமில்லாதபடிக்கு அறை நிறைந்திருந்தது.

"உங்களுக்கு முன்னாலயே சொல்லிட்டாங்களா?" என்றேன்.

"ஆரும் சொல்லல்ல. எனக்கே தெரியும்லா. படி தெரிஞ்சா சாய்ப்பு போகும். அது மேலதானே நான் கெட்டினேன்."

"தெரிஞ்சுமா காட்டினீங்க?"

ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மூடி வச்சிட்டு அந்தப் பக்கத்துக்காரன மட்டும் குத்தம் சொல்ல முடியுமா மேடம்? எனக்க தரையை நான் எடுத்தாத்தானே அவன் தரையை எடுக்கச் சொல்ல முடியும்."

அவள் அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. நூல் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது போலச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் தரைக்கு அடியில் ஓடியது எனக்கு ஐந்து வயதிலேயே கேட்டிருந்தது. இவள் தன் பலகையை ஒரு மதியத்தில் தூக்கினாள்.

நீங்கள் இப்போது ட்ரோன் விட்டு அளக்கிறீர்கள். நல்லது. என் காலத்தில் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு துல்லியம். ஆனாலும் ஏதோ ஒன்றை அசையாதது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவீர்கள். அது பெரும்பாலும் நேராக, பூசி, வெள்ளையடித்து இருக்கும். சேற்றில் நிற்பவர்கள் எப்போதும் அளக்கப்படுபவர்களாகவே இருப்பார்கள். ஆகவே ஒரு வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எங்கிருந்து என்று கேளுங்கள். அந்த இடத்துக்குப் போய், முடிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, அடியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். அது உங்களுக்கு வேண்டியவர்களின் இடமாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

மாமா அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் என்னோடு பேசினார். அவருடைய பேரன் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, போனேன், பந்தியில் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. சரியான காரியம் செய்தால் மனம் லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

கிட்டங்கியின் பின்தளத்தை உடைத்து முடித்த வாரத்தில், ஒரு மதியம் நான் மட்டும் அங்கே போனேன். சுவர் இல்லாததால் எதிர்க்கரை நேரே தெரிந்தது. படிகள் ஐந்தும் கழுவிவிட்டாற்போல் இருந்தன. மேல்படியில் ஒரு பெரிய கடைக்குடையை விரித்து நட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து ரெஜினா சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு எழுந்து உள்ளே ஓடலாம், வெயிலுக்கு உட்காரலாம், யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

நடுவே தண்ணீர் ஓடியது. அகலமாக, வெளிச்சத்தில், நான் கண்ணை மூடாமலே ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில், பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிய நேரமாயிற்று. மாமா. உடைந்த தளத்தின் விளிம்பில், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிட்டங்கியில் அறுபது வருடம் கணக்கு எழுதியவர். அவரும் என்னைப்போல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் பக்கம் திரும்பவில்லை. ஒரு குழந்தையிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"எலி இல்ல மக்ளே."